எச்சில் பட்ட எண்

எங்கள் மேனேஜர் எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் புரட்டுவார். ஒரு பக்கத்துக்கு ஒரு தொடல். நாற்பது பக்கம் என்றால் நாற்பது. கடைசிப் பக்கம் முடிந்ததும் அதே ஈர விரலால் கம்ப்யூட்டரில் ஒப்புதல் கொடுப்பார். அவருடைய கீபோர்டில் எண்டர் பொத்தான் மட்டும் எழுத்து அழிந்து, ஓரத்தில் பழுப்பாக ஒரு படலம் கட்டியிருக்கும். அவர் கை பட்ட ஃபைல் என் மேசைக்கு வந்தால் மூலையைத் தொடாமல் நடுவில் பிடித்துத்தான் எடுப்பேன். ஆபீசில் அவருக்கு எச்சில்விரல் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பெருமைப்படுவதுதான் என் வியாதி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஹாஸ்டல் என்று கேட்கிற இடத்துக்கெல்லாம் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் துணி வெளுக்கவும் ஆள் அனுப்பும் கம்பெனி அது. கீழே பினாயில் டப்பாக்கள் அடுக்கிய கிடங்கு, மேலே ஆபீஸ். எவ்வளவு பினாயில் இருந்து என்ன, படிக்கட்டில் எப்போதும் ஈரத் துடைப்பத்தின் நாற்றம்தான். பணம் அனுப்பும் பிரிவில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். பிரிவு என்றால் நான், ஒரு மேசை, காகிதத்தைக் கடித்துத் துப்பும் ஒரு பிரிண்டர். வேலை செய்கிறவர்களின் பெயர், அக்கவுண்ட் நம்பர், பேங்க் கோட் மூன்றையும் பதிந்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு வைப்பது என் வேலை. ஒப்புதல் கொடுப்பது மேனேஜர் வேலை. ஒரு தடவை பதிந்ததை மாற்றும் அதிகாரமும் அவருக்கு மட்டும்தான்.

பேங்க் கோட் ஒன்பது இலக்கம். அக்கவுண்ட் நம்பர் வீட்டு எண் என்றால் கோட் தெருப் பெயர். தெரு தப்பாக இருந்தால் வீட்டு எண் சரியாக இருந்து பிரயோஜனம் இல்லை. பணம் நடுத்தெருவில் ஒரு வாரம் முழித்துவிட்டு அனுப்பினவனிடமே திரும்பி வந்துவிடும். வெளிநாட்டுக்கு அனுப்ப எழுத்தும் எண்ணும் கலந்த வேறொரு கோட், செக்கின் அடியில் இன்னொன்று என்று உலகத்தில் எத்தனையோ உண்டு. எங்கள் ஆட்களுக்கு ஒன்றே அதிகம். ஒரு முறை, வேலையை விட்டு நின்ற ஒரு பாத்திரக்காரியிடம் போனில், "உங்க கோட் சொல்லுங்கம்மா" என்றேன். "கோட்டெல்லாம் என்கிட்ட இல்லம்மா, நின்ன அன்னிக்கே யூனிஃபார்மோட சேர்த்துக் குடுத்துட்டேனே" என்று பதறினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அந்த ஒன்பதாவது இலக்கம் ஒரு காவல்காரன். முதல் இலக்கத்தை மூன்றால் பெருக்க வேண்டும், இரண்டாவதை ஏழால், மூன்றாவதை அப்படியே விட வேண்டும். மறுபடி மூன்று, ஏழு, ஒன்று. இப்படியே கடைசி வரை. எல்லாவற்றையும் கூட்டினால் கடைசியில் பூஜ்யம் வரும்படி அந்த ஒன்பதாவது இலக்கத்தை வைத்திருப்பார்கள். பூஜ்யம் வராவிட்டால் கோட் தப்பு. கம்ப்யூட்டர் உள்ளேயே விடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழைய பேப்பரோடு வந்த ஒரு வங்கிக் கையேட்டில் படித்து நானே கற்றுக்கொண்டது. நாளடைவில் ஒரு விண்ணப்பத்தைப் பார்த்ததுமே "இது தேறாது" என்று சொல்கிற அளவுக்கு மனக்கணக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நான் பதிந்த எந்தக் கோடும் தப்பியதில்லை.

ஆகவே என் நாத்தனாரின் செட்டில்மென்ட் பணம் கோட் தப்பென்று இரண்டாவது தடவையும் திரும்பி வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, அவமானம்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் இஸ்திரி உருளை முன்னால் நின்றவள். அந்த வேலையை வாங்கித் தந்தது நான். அதற்காக அவள் என்னை மன்னித்ததில்லை. சோடாவிலும் சூட்டிலும் கை இரண்டும் வெந்து தோல் உரிய ஆரம்பித்ததும், இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. கூடவே கம்பெனி கொடுத்திருந்த அறையும் போயிற்று. ஒரு பெட்டியோடு எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தாள். சோபாவில் அவள் படுக்கை, ஜன்னல் கம்பியில் அவள் துண்டு, தலையணை உறையெல்லாம் அவள் களிம்பு.

இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். சின்ன அறைதான், ஆனால் ஜன்னல் உண்டு. செட்டில்மென்ட் வந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். வீட்டுக்காரம்மா மாசக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அதைவிடப் பெரிய கெடு ஒன்று கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்தது. மூன்று தடவை அனுப்பியும் பணம் திரும்பி வந்தால் அது 'பெறப்படாத தொகை', கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் தடவை அனுப்பும் நாள் வருகிற வியாழக்கிழமை.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. போட்டீங்களா, இல்ல போடுற மாதிரி போட்டீங்களா?" என்றாள் நாத்தனார், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு.

"நான் எதுக்குடி அப்படிப் பண்ணப்போறேன்?"

"எனக்கென்ன தெரியும். ஊர்ல எல்லாரும் நாத்தனார் சண்டைய வாசல்ல வச்சுப் போடுவாங்க. நீங்க நம்பருக்குள்ள வச்சுப் போடுறீங்க."

என் வீட்டுக்காரர் இருமினார். "தப்பு நடக்கறது சகஜந்தான். ஆனா சொந்த வீட்டு ஆளுக்கே ரெண்டு தடவை நடக்கறதுன்னா..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் தண்ணீர் குடித்தார். பணத்தைத் தடுத்து வைத்து இவளைக் காலம் பூராவும் என் ஹாலிலேயே வைத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய பாஸ்புக்கை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். நான் பதிந்து கையெழுத்துப் போட்ட பிரிண்டை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் 914706393. ஒரு இலக்கம் பிசகவில்லை. பிறகு, வங்கி திருப்பி அனுப்பிய சீட்டை எடுத்தேன். அதில் 914306793 என்று இருந்தது. ஏழும் மூன்றும் இடம் மாறியிருந்தன.

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு பழக்க தோஷத்தில் கூட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பது. கடைசியில் பூஜ்யம். தப்பான கோட், ஆனால் காவல்காரன் கதவைத் திறந்து விட்டிருக்கிறான். இது கைதவறிய பிசகு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். மனிதர்கள் எண்ணை எழுதும்போது தப்பு செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களைத்தான் மாற்றிப் போடுவார்கள். ஐம்பத்தி நாலை நாப்பத்தி அஞ்சு என்பார்கள். அதைக் காவல்காரன் அநேகமாகப் பிடித்துவிடுவான். ஆனால் மூன்று இடம் தள்ளி இருக்கும் இலக்கங்களை மாற்றினால் அவனால் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் பெருக்கல் ஒன்றுதான். அப்படி மூன்று தள்ளி மாற்றுவது தற்செயலாகக் கைக்கு வராது. தெரிந்துதான் செய்ய வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும், திரும்பி வந்த சீட்டுகளின் ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் பதினாலு பேர். பதினாலும் வேலையை விட்டு நின்றவர்கள். பதினாலிலும் நான் பதிந்தது சரி, போனது தப்பு. பதினாலிலும் இரண்டே இலக்கங்கள், மூன்று இடம் தள்ளி. ஒருத்திக்கு ஒன்றாவது இலக்கமும் நாலாவதும், ஒருத்திக்கு ஐந்தாவதும் எட்டாவதும், ஒருத்திக்கு ஆறாவதும் ஒன்பதாவதும். அந்தச் சீட்டுகளின் மூலையெல்லாம் விரல் ஈரம் பட்டுக் காய்ந்து சுருண்டிருந்தது. நாலைந்து பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை விரல் படாமல் ஸ்கேல் நுனியால் பிரித்தேன்.

ஆனால் அருவருப்பு முழுசாக வந்தது அதற்கும் பிறகுதான். இந்தக் கணக்கு இந்த ஆபீசில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மேனேஜர் டீ டம்ளரோடு என் மேசைக்கு வந்தார். "எப்படிம்மா பார்த்த உடனே தப்பைச் சொல்லிடறே?" என்று கேட்டார். என் ஜன்மத்தில் அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு தடவை ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டே "அப்படியா" என்றார். அதோடு சரி. இங்கே ஒரு மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வருகைத்தாளின் பின்பக்கத்தில், மூன்று மூன்று இலக்கமாக ஒன்றன்கீழ் ஒன்று எழுதிக் காட்டினேன்.

"இது மூணு மாடி வீடு சார். ஒரே மாடில பக்கத்து வீட்டுக்காரங்க வீடு மாத்திக்கிட்டா காவல்காரன் பிடிச்சுடுவான். ஆனா மேல் வீட்டுக்காரனும் நேர் கீழ் வீட்டுக்காரனும் மாத்திக்கிட்டாங்கன்னு வைங்க, அவனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் இதுல இருக்கற ஓட்டை."

"அட" என்றார். விரலை நாக்கில் தொட்டு அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் படிக்கிற ஆர்வம் என்று நினைத்து அன்று சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் ஊருக்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை நேராக அவர் அறைக்குப் போனேன். சீட்டையும் பிரிண்டையும் மேசையில் வைத்தேன்.

"சார், இதுல ஏழும் மூணும் இடம் மாறியிருக்கு. என் நாத்தனாரோட கோட்."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே, "அடடா, உன் நாத்தனாராம்மா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பேரைப் பார்த்தா எனக்கெப்படித் தெரியும்?" என்றார். "சொல்லியிருந்தா முதல் தடவையே போயிருக்குமே."

ஒரு மறுப்புக்கூட இல்லை. பொய் சொல்வார், கத்துவார், நான் பதிலுக்குக் கத்தலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவள் நான். இவர் உள்ளங்கை நீட்டி உட்காரச் சொல்கிறார்.

"மத்த பதிமூணு பேரு சார்?"

"ஏம்மா, ஆள் நின்னுட்டுப் போனா கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா? நாம மிச்சம் பிடிச்சுக் குடுத்தா முதலாளி வருஷக் கடைசில பார்த்துச் செய்யறாரு. போன வருஷம் உனக்கும் ஒரு கவர் வந்துச்சே. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே?"

அந்தக் கவரில்தான் நாங்கள் வாஷிங் மெஷின் வாங்கினோம். என் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதுவும் போக," என்று சிரித்தார், "இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மேல் வீடு கீழ் வீடுன்னு எவ்வளவு அழகா சொல்லிக்குடுத்தே. குரு நீதானேம்மா."

சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே நாத்தனாரின் பக்கத்தைத் திறந்தார். ஏழை மேலே போட்டார், மூன்றைக் கீழே போட்டார். விரலை நாக்கில் தொட்டு எண்டரைத் தட்டினார். "போயிடும். நாளன்னிக்கு அக்கவுண்ட்ல இருக்கும்" என்றார்.

நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

ஆமாம், சொன்னேன். எங்கேயும் மறைக்கப் போவதில்லை. அறையை விட்டு வெளியே வந்து குளியலறைக் குழாயில் மூன்று தடவை வாய் கொப்பளித்தேன்.

வெள்ளிக்கிழமை பணம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே நாத்தனார் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சாவியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வந்தாள். உரிந்த கைக்குச் சாவி உறுத்தும் என்பதால் அப்படி. எனக்கு ஒரு கைப்பை வாங்கி வந்திருந்தாள். நல்ல தோல், பெரிய ஜிப். "அண்ணி, பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு வாய் மட்டும்தான்" என்றாள். என் வீட்டுக்காரர் பெரிய மனுஷராகத் தலையை ஆட்டி, "நான் அப்பவே சொன்னேன்ல, அவ பார்த்துப்பான்னு" என்றார். அவர் எப்போது சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அவள் துணியெல்லாம் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. காய்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வீடு பல நாளைக்கப்புறம் வீடாக இருந்தது. நான் மட்டும் அந்தக் கைப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஆமா அண்ணி, மடிப்புக்கும் வந்துடுச்சா?" என்றாள் நாத்தனார்.

மடிப்பு என்பது ஒரு பெண். உருளைக்கு இந்தப் பக்கம் நாத்தனார் விரிப்பை விட, அந்தப் பக்கம் வாங்கி மடிக்கிறவள். அவளுக்கும் அதே நோய், அதே மாதத்தில் நின்றாள். பதினாலில் அவளும் ஒருத்தி. ஐந்தாவது இலக்கமும் எட்டாவதும் மாறியிருந்தது அவளுக்குத்தான்.

"இல்ல, அவங்க கோட் தப்பா இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. போனில் இந்த ஆறு மாதமாக ஒவ்வொருத்தியிடமும் சொன்ன அதே குரல். பொறுமையான, படித்த, 'உங்களுக்குத்தான் எழுதத் தெரியவில்லை' என்கிற குரல்.

நாத்தனார் சாவியைச் சுண்டுவிரலிலிருந்து கழற்றினாள். "எப்படித் தப்பாகும்?" என்றாள்.

"ஏதோ மாறியிருக்கு."

"இல்ல அண்ணி, கேக்கறேன். நானும் அவளும் ஒரே நாள் லீவு போட்டு, ஒரே பேங்க்குல, ஒரே மேசைல உக்காந்து அக்கவுண்ட் ஆரம்பிச்சோம். நம்பர்தான் வேற வேற, கோட் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்னு அந்த மேடம் சொன்னாங்க. தெரு மாதிரின்னு நீங்களும் சொல்லியிருக்கீங்க. ஒரே தெருல என் வீட்டுக்கு வழி தெரியுது, பக்கத்து வீட்டுக்கு வழி தெரியலையா?"

ஒன்பது இலக்கத்தையும் மனசிலேயே கூட்டிப் பெருக்கும் எனக்கு இது தோன்றவில்லை. பதினாலு சீட்டுகளையும் எண்ணாகப் பார்த்தேனே தவிர, அதில் இரண்டு சீட்டில் ஒரே கோட் வந்திருக்க வேண்டும் என்று பார்க்கவில்லை. என்னிடம் சொல்வதற்கு இனி பொய் எதுவும் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டீ டம்ளரிலிருந்து தொடங்கி, 'தேங்க்ஸ் சார்' வரைக்கும். கவரையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர், "சரி, இப்ப நமக்கு வந்தாச்சுல்ல, விடு" என்றார். நாத்தனார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய் வாஷிங் மெஷினை நிறுத்தினாள். மூடியைத் திறந்து, பாதி நுரையோடு இருந்த தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வாளியில் போட்டாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. குளியலறைக்குப் போய்க் கல்லில் வைத்துக் கையால் கசக்க ஆரம்பித்தாள். அந்தக் கையால்.

"சோப்பு படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று வாசலில் நின்று சொன்னேன்.

"இத்தனை நாள் மடிப்பு மாதிரி ஆளுங்க காசுலதான் என் துணி தோய்ஞ்சுச்சா?" என்றாள். "குமட்டுது அண்ணி."

எனக்கும் குமட்டியது. ஆனால் என்னுடையது வேறு குமட்டல். அதற்கு வாய் கொப்பளித்தால் போதாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். என் கையெழுத்துப் பிரிண்டுகளையும் வங்கிச் சீட்டுகளையும் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாது. தெரியாத மாதிரி இருந்தேன். ஒவ்வொருத்தியாகப் போன் செய்தேன். "உங்க கோட் தப்பு இல்ல. எப்பவும் தப்பா இருந்ததில்ல. மாத்தினது எங்க ஆபீஸ்" என்று சொன்னேன். பாதிப்பேர் முதலில் நம்பவில்லை. ஒருத்தி, "நானே தப்பா எழுதிட்டேன்னு என் மகன் என்னைத் திட்டிட்டே இருக்கான்மா" என்றாள். யூனிஃபார்மோடு கோட்டைக் கொடுத்துவிட்டேன் என்ற அந்தப் பாத்திரக்காரியும் பதினாலில் இருந்தாள். அவளிடம் பேசும்போது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

நாத்தனார் ஒவ்வொருத்திக்கும் ஒரு சீட்டு எழுதினாள். இடது பக்கம் சரியான கோட், வலது பக்கம் அனுப்பிய கோட். மூன்று மூன்றாக ஒன்றன்கீழ் ஒன்று, மாறிய இரண்டையும் சுற்றி வட்டம். கடைசிச் சீட்டுக்கான பிரதி முந்தின தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்க வரவில்லை. என் ஆள்காட்டி விரல் தானாக வாய் வரைக்கும் போய்விட்டது. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு, நகத்தால் பிரித்தேன்.

திங்கட்கிழமை நான் வழக்கம்போல ஒன்பது மணிக்கு மேசையில் இருந்தேன். பதினொன்றரைக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பதின்மூன்று பேரும் வந்துவிட்டார்கள், நாத்தனாரோடு பதினாலு. ஈரத் துடைப்ப நாற்றமடிக்கும் அந்த நடையில் வரிசையாக நின்றார்கள். நான் எழுந்து போய் மேனேஜர் அறைக் கதவைத் திறந்து விட்டேன்.

"என்ன கூட்டம்? கோட் தப்புன்னா நான் என்ன பண்றது? போய் ஒழுங்கா எழுதிட்டு வாங்க" என்றார் அவர், நிமிராமல்.

நாத்தனார் ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். தொழிலாளர் ஆபீசில் அன்று காலை கொடுத்த புகாரின் பிரதி. அடியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இன்னும் மை காயாமல் இருந்தது. புகாரோடு இணைத்தவை: பதினாலு பிரிண்ட், பதினாலு சீட்டு. மேனேஜர் அதைப் படித்தார். பக்கம் புரட்ட மறந்து முதல் பக்கத்தையே இரண்டு தடவை படித்தார். பிறகு, வரிசையில் இருந்த ஒருத்தியின் கையில் வட்டம் போட்ட சீட்டைப் பார்த்தார். மூன்று மாடி வீடு.

"யாரு இவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான் சார்" என்றேன். "உங்களுக்குச் சொல்லிக்குடுத்த அதே ஆள்தான்."

அவர் மறுபடி புகார்ப் பிரதியின் முத்திரையைப் பார்த்தார். என் வேலை அன்றைக்கே போய்விடும் என்று எனக்குத் தெரியும், போயிற்று. அது பிறகு. அப்போது அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, பெயர்ப் பட்டியலைத் திறந்தார்.

"சரி, சரி. ஒவ்வொருத்தரா வாங்க. சீட்டைக் குடுங்க, திருத்திடலாம்."

முதலில் நின்றது மடிப்பு. குள்ளமான பெண், நாத்தனாரைப் போலவே உரிந்த கைகள். மேனேஜர் வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டு, அவள் கையிலிருந்த சீட்டை எடுக்க நீட்டினார். அவள் சீட்டை மார்போடு சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எச்சில் பண்ணாதீங்க சார்" என்றாள். "அது என் நம்பரு. நான் படிக்கிறேன், நீங்க போடுங்க."